மோவாபில் ரூபிகான் என்று சொல்லித் தலையில் கட்டப்படும் வாடகை ஜீப்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் பக்கத்துப் பாறைப் பள்ளத்தாக்குகளில் ஓட்டுவதற்கு ஜீப் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. நான் இணையத்தில் புக் செய்தது ரேங்ளர் ரூபிகான், அதாவது ரேங்ளர் ஜீப்பில் பாறைப் பாதைக்கென்றே வரும் வகை. கையில் கொடுத்தது பெரிய டயர் மாட்டிய ரேங்ளர் ஸ்போர்ட், அதே ஜீப்பின் சாதாரண வகை. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் ‘அல்லது அதற்கு இணையான வண்டி’ என்றிருந்த வரியைக் காட்டினார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அடிப்பக்கத்தில் ஏற்கெனவே இருந்த நசுங்கலுக்கும் பக்கச்சுவர் கிழிந்த ஒரு டயருக்கும் சேர்த்து டெபாசிட்டில் கை வைத்தார்கள். கூடுதல் பணம் கட்டி எடுத்த சேதக் காப்பு இரண்டுக்குமே உதவவில்லை.

இணையான வண்டி என்ற பேச்சை முதலில் உடைத்துவிடுவோம். 33 அங்குல டயர் மாட்டி, பானெட்டில் ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டால் ஸ்போர்ட் பார்வைக்கு ரூபிகான் போலவே இருக்கும். வித்தியாசம் எல்லாம் உள்ளே. 2018 முதல் வரும் ஜேஎல் தலைமுறை ரேங்ளரில், ஸ்போர்ட்டின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ-ரேஞ்சில், அதாவது மெதுவாக ஓடி அதிகம் இழுக்கும் நிலையில், வேகத்தை 2.72 மடங்கு குறைக்கிறது. ரூபிகானில் அது 4 மடங்கு. 8 கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.71. ஆக்சில் விகிதம் ஸ்போர்ட்டில் வழக்கமாக 3.45, ரூபிகானில் 4.10. மூன்றையும் பெருக்கினால் எஞ்சினின் முறுக்கு விசை சக்கரத்தில் எத்தனை மடங்காகிறது என்று தெரியும்: ஸ்போர்ட்டுக்கு ஏறக்குறைய 44, ரூபிகானுக்கு 77. ஸ்போர்ட்டோடு வரும் டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் மாட்டினால் அந்த 44-உம் 42 பக்கம் இறங்கிவிடும். அதாவது, பெரிய டயர் போட்டு அழகாக்கிய வண்டிக்கு இழுவை இன்னும் குறைச்சல்.

இறக்கத்தில்தான் இந்த எண்களின் அருமை தெரியும். மோவாபின் ஹெல்ஸ் ரிவெஞ்ச் பாதை மாதிரி செங்குத்தான பாறைச் சரிவில் ரூபிகானை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். ஸ்போர்ட்டில் இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்தியே வர வேண்டும். அது சூடேறி, பெடல் மென்மையாகப் போகும்.

ஏற்றத்தில் வேறு பிரச்சினை. ரூபிகானில் முன்னும் பின்னும் லாக்கர் (இடது, வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டி ஒன்றாகச் சுழலவைப்பது) உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மறு சக்கரம் தள்ளும். லாக்கர் இல்லாத வண்டியில் தொங்கும் சக்கரம் சுழன்ற பிறகுதான் எலெக்ட்ரானிக் பிரேக் அதைப் பிடித்து, மறுபக்கத்துக்கு விசையை அனுப்பும். பாறையில் இது ஆபத்து. வேகமாகச் சுழலும் சக்கரம் சட்டென்று காய்ந்த மணற்கல்லைக் கவ்வினால், அந்த அடி நேராக சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டிலும் அதன் மூட்டான யூ-ஜாயிண்டிலும் விழும். உடைந்தால், ‘தவறாக ஓட்டினீர்கள்’ என்று பில் வரும்.

ஆகவே சாவியை வாங்குவதற்கு முன் யார்டிலேயே சோதியுங்கள். டேஷ்போர்டில் ஆக்சில் லாக் சுவிட்ச் இருக்கிறதா? இல்லையென்றால் அது ரூபிகான் இல்லை, பேச்சு முடிந்தது. 4-லோ (நான்கு சக்கர லோ-ரேஞ்ச்) லீவர் இரண்டு மாடலிலும் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுவிட்ச் இருந்தால் ஜல்லி மண் தரையில் வண்டியை மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, லீவரை 4-லோவுக்குத் தள்ளுங்கள். காய்ந்த தார்த்தளத்தில் இதைச் செய்யக் கூடாது. முன், பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். பிறகு லாக்கரைப் போட்டுக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விளக்கு சிமிட்டிவிட்டு நிலையாக எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் லாக் ஆகவில்லை என்று பொருள். ‘டிரெயிலுக்குப் போனதும் சரியாகிவிடும்’ என்ற பதிலை நம்ப வேண்டாம்.

அடுத்தது டயர். காசு போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நேரம் எடுத்துப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் வெயிலில் காய்ந்த பழைய ரப்பரின் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். பாறை விளிம்பு முதலில் கிழிப்பது அதைத்தான். டயர் அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்று இருக்கிறதா பாருங்கள். பி என்று தொடங்கினால் அது சாலைக் கார் டயர்; கூரான கல் நிறைந்த பாதைக்குப் பக்கச்சுவர் போதாது. ஸ்பேர் டயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்கு சக்கரமும் 33 அங்குலமாக இருக்க, பின்கதவில் பழைய சிறிய டயர் தொங்கும் வண்டிகள் உண்டு. அதை மாட்டிக்கொண்டு லாக்கர் போட்டால், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃப்ரன்ஷியலுக்குக் கேடு. வீல் நட்டில் பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி வண்டிக்குள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் நடுப்பாதையில் டயர் மாற்றவே முடியாது.

காற்றைப் பற்றியும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாறையில் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் கல்லின் மேல் படர்ந்து பிடிக்கும். பீட்லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத வீலில் 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். சில கடைகள் காற்றைக் குறைக்கவே தடை போட்டுவிட்டு, டயர் கிழிந்தால் முழு விலையும் கேட்கின்றன. முழுக் காற்றில் கல்லென இறுகிய டயர்தான் சீக்கிரம் கிழிகிறது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இறக்க அனுமதித்தால் கம்ப்ரசரும் பிரஷர் கேஜும் கொடுக்க வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்து வீடியோ எடுங்கள். ஸ்கிட் பிளேட் (அடிப்பக்கத்தைக் காக்கும் தகடு), முன்-பின் டிஃப்ரன்ஷியல் மூடி, டை ராட் (ஸ்டியரிங் சக்கரங்களை இணைக்கும் கம்பி), ஷாக் அப்சார்பரின் கீழ் முனை, கதவுக்குக் கீழே பாறையிலிருந்து காக்கும் பக்கவாட்டு ராக் ரெயில் எல்லாமே தெளிவாகத் தெரிய வேண்டும். புதிய உரசல் பளபளவென்று உலோகம் தெரியும். பழையதில் பழுப்புத் துரு அல்லது செம்மண் படிந்திருக்கும். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுங்கள். ஊழியர் நீட்டும் தாளில் காரின் மேல்பார்வைப் படம் மட்டுமே இருந்தால், ‘அடிப்பக்கச் சேதங்கள் வீடியோவில் உள்ளன’ என்று கையால் எழுதி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னதெல்லாம் பில் போடும் நேரத்தில் காற்றோடு போய்விடும்.

ஒப்பந்தத்தில் சேதக் காப்பு எதையெல்லாம் விலக்குகிறது என்ற பத்தியை முழுக்க வாசியுங்கள். டயர், ரிம், கண்ணாடி, கூரை, அடிப்பக்கம் என்று அடுக்கியிருந்தால், பாறைப் பாதையில் அடிபடக்கூடிய அத்தனையும் உங்கள் தலையில்தான். வண்டி பழுது பார்க்கும் நாட்களுக்கான வாடகை இழப்பையும் கேட்பார்களா என்று பாருங்கள். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் தார்ச்சாலைக்கு வெளியே செல்லாது. விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண எஸ்யூவியை இங்கே கொண்டுபோவது இன்னும் மோசம்: ஒப்பந்தமே மண்சாலையைத் தடை செய்திருக்கும், வண்டியில் லோ-ரேஞ்சும் இருக்காது.

கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போவதாக இருந்தால் கவனம். ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளமுள்ள ஒயிட் ரிம் பாதைக்கும் எலிஃபண்ட் ஹில்லுக்கும் பகலில் போய் வரவே அனுமதிச் சீட்டு வேண்டும். ஏடிவி, யூடிவி எனப்படும் சிறிய கரடுமுரடு பாதை வண்டிகளுக்குப் பூங்காவில் இடமே இல்லை, நம்பர் பிளேட் இருந்தாலும்தான். ‘பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்று யூடிவியை வாடகைக்குத் தள்ளுபவரிடம் இதைக் கேளுங்கள். ஒயிட் ரிம்மில் பெட்ரோலும் கிடையாது, குடிநீரும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். வண்டி நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும். அதை யார் கொடுப்பது என்பதும் ஒப்பந்தத்தில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும்.

சிக்கிய வண்டியை இழுக்க மீட்புச் சாமான் என்று ஒரு பையைக் கொடுத்தால் திறந்து பாருங்கள். இழுவிசை அளவு குறிக்காத கொக்கிகள், நைந்த கயிறு, 3/4 அங்குலத்துக்குச் சிறிய ஷாக்கிள் (கயிற்றை வண்டியோடு மாட்டும் இரும்பு வளையம்) இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிற்றை மாட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். இழுக்கும்போது அது முறிந்து பறந்து வந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பணத்தைப் பிடித்துவிட்டார்களா? அமெரிக்கக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். புக்கிங் பக்கத்தில் ரூபிகான் என்று இருந்த ஸ்கிரீன்ஷாட், கொடுத்த வண்டியின் டேஷ்போர்டு படம், இரண்டு வீடியோக்கள், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பழுதுபார்த்த ரசீதின் நகலையும் கடையிடம் எழுதிக் கேளுங்கள். பழுதே பார்க்காமல் தோராயத் தொகை போட்டிருந்தால் அது அப்போது வெளிவரும்.