‘மழைக்கால சர்வீஸ்’ என்று 2,900 ரூபாய் வாங்கினார்கள்: குமரி மாவட்ட எம்டிபி (மவுண்டன் பைக்) சைக்கிள்காரர்கள் கவனத்துக்கு

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் சைக்கிளை சர்வீஸுக்கு விட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. நாகர்கோவிலில் கியர் சைக்கிள் பார்க்கிற கடை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கேஷ் மெமோவில் எழுதிக் கொடுத்தது இது: முன்-பின் மெட்டல் பிரேக் பேட் 1,400, பிரேக் ஆயில் மாற்றிக் காற்று எடுத்தது 800, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பிரித்து கிரீஸ் 500, வாட்டர் சர்வீஸ் 200. வண்டி பளபளவென்று வந்தது. கடை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக்கும் பிடித்தது. காய்ந்த ரோட்டில் எந்தப் பிரேக்தான் பிடிக்காது!

பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை போனேன். ஏறும்போதே சாரல். அங்கே ரப்பர் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குமரியில் என்ன குளிர் என்று சிரிப்பவர்கள் நனைந்த சட்டையோடு அந்த இறக்கத்தில் ஒருமுறை காற்று வாங்கிப் பார்க்க வேண்டும். விரல் மரத்துப்போய், லிவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அந்த நேரத்தில் முன்பிரேக் பன்றி மாதிரி கத்தியதே தவிர, வண்டி நிற்கவில்லை. பின்னால் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். கடைசியில் சருகுக் குவியலில் சரித்துத்தான் நிறுத்தினேன். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. கீழே ஒரு வீட்டு வாசலில் நின்ற ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன், “மழையத்து இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு மக்கா” என்று கேட்டுவிட்டுக் கட்டன் சாயா வாங்கித் தந்தார்.

மறுநாள் மார்த்தாண்டத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்னால் டார்ச் அடித்துக் காட்டினார். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற காலிப்பரில் பேட்டைக் கோத்திருக்கும் ஸ்பிளிட் பின் (முனை வளைத்த கம்பி) துருவேறி, பழைய வளைவு அப்படியே இருந்தது. பேட் மாற்ற வேண்டுமானால் அதை நிமிர்த்தி உருவாமல் முடியாது. பிரேக் ஆயில் மாற்றத் திறக்கிற திருகைச் சுற்றிக் காய்ந்த செம்மண் கட்டியாக நின்றது. ஸ்பேனரே படவில்லை. ஹப்பைப் பிரித்தால் கிரீஸ் வெள்ளையாக, தண்ணீர் கலந்து. பிரஷர் பம்பை நேராக ஹப்பில் அடித்தால் பழைய கிரீஸையும் கெடுத்துவிடும் என்றார். ஆக, அந்த 200 ரூபாய் வேலை மட்டும்தான் நடந்திருக்கிறது, அதுவும் கேடாக.

முன்பிரேக் கத்தியதற்குக் காரணம் வேறு. செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கிலும் பட்டிருக்கிறது. எண்ணெய் குடித்த பேட் பிறகு சரியாகப் பிடிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான். டிஸ்க்கை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் காப்பாற்றலாம். பின்பக்கப் பேட் தேய்ந்து வெறும் தகடு ஆகியிருந்தது. பிசின் கலவையில் செய்த ரெசின் பேட் சேற்றுத் தண்ணீரில் வெகு சீக்கிரம் கரையும், மெட்டல் பேட் கூடுதலாகத் தாங்கும். மழைக்கு மெட்டல் கேட்பது அதனால்தான்.

இதில் பெரிய வேடிக்கை, என் டிஸ்க்கிலேயே ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருந்தது. அந்த வகை டிஸ்க்கில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கே தேய்ந்துபோகும். பில்லில் எழுதியதை உண்மையாகவே மாட்டியிருந்தாலும் அது தப்பான வேலை!

கடைக்காரரிடம் போனால், “சார், மலைக்குக் கொண்டுபோனா அப்படித்தான் இருக்கும். அடுத்த சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தாரேன்” என்கிறார். மலைக்குப் போகத்தானே மவுண்டன் பைக்! கழற்றிய பழைய பேட்டைக் காட்டுங்கள் என்றேன், குப்பையில் போட்டாச்சு என்றார்.

இனி எந்தக் கடையானாலும், பழைய பேட்டைக் கையில் கொடுத்தால்தான் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆயில் மாற்றினால் எந்த ஆயில் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். அதில் டாட் (DOT) என்கிற வேறு வகை பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊறிக் கெட்டுவிடும். வண்டி விடும்போது அந்த ஸ்பிளிட் பின்னையும் திருகுகளையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம், துண்டுச் சீட்டானாலும் பில் வாங்காமல் வராதீர்கள்.

எனக்கு அந்தக் கேஷ் மெமோதான் கைகொடுத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு பேட் காசு 1,400 மட்டும் வந்தது. மீதிக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். மார்த்தாண்டத்து மெக்கானிக் தன் பில்லின் பின்பக்கத்தில் பார்த்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். மனுவோடு அதையும் இணைக்கிறேன்.