பாளையங்கோட்டையில் ஓசிடி ஸ்கேன்: வலது கண்ணுக்காகப் போய் வந்த அனுபவம்

நில அளவைத் துறையில் 31 வருடம் வரைவாளராக இருந்தேன். கோடு இம்மி விலகினாலும் என் கண்ணுக்குத் தட்டுப்படும். மூன்று வருடத்துக்கு முன்னால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பி இடது கண்ணுக்கு வளைந்து தெரிந்தது. அப்போது காட்டிய இடத்தில் புரை ஆரம்பம் என்று சொல்லிக் கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். நானும் நம்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து விழித்திரை மருத்துவரிடம் போவதற்குள் அந்தக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. மாக்குலா தேய்மானம், அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும் நோய், அதிலும் நீர் கசியும் வகை. இன்றைக்கும் அந்தக் கண்ணால் பார்த்தால் பேத்தியின் கம்மல் தெரியும், ஜடை தெரியும், முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் திட்டுதான்.

மிச்சம் இருப்பது வலது கண். அதில் அதே நோயின் நீர் கசியாத, வறண்ட வகை. ஒரு கண்ணில் கசிந்தவர்களுக்கு மறு கண்ணிலும் கசிய வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓசிடி ஸ்கேன், அதாவது விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம் பிடிக்கும் சோதனை, எடுக்கச் சொன்னார் டாக்டர்.

ஸ்கேன் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் குறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கண்ணுக்குச் சில விநாடிதான். கண்ணை எதுவும் தொடாது. இடது கண்ணுக்கு முன்பு கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போனது. இதில் அந்தச் சிரமமெல்லாம் இல்லை. எனக்குக் கை கால் உதறல் வந்தபோது, படம் எடுக்கும் பெண், "கண்ண நல்லா சிமிட்டிக்கோங்கய்யா, நான் சொல்லும்போது மட்டும் தொறந்து வச்சா போதும்" என்றாள். அந்தப் பொறுமைக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

கிணறு தோண்டும்போது பக்கச்சுவரில் செம்மண், சரளை, பாறை என்று அடுக்கடுக்காகத் தெரியுமே, விழித்திரையை இந்தக் கருவி அப்படிக் காட்டுகிறது. அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று கணக்கிட்டுப் படம் வரைகிறது. 1991இல் அமெரிக்காவில் முதன்முதலாக வெளியான முறை. இன்றைய கருவிகள் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசத்தைக்கூடப் பிடிக்கின்றன. என் படத்தில் அடி அடுக்கு மேடும் பள்ளமுமாக இருந்தது. அந்த மேடுகள்தான் டிரூசன் என்னும் கழிவுப் படிவு. அது இருக்கட்டும், நீர் கோத்தால் கறுப்பாகத் தெரியும், அதைத்தான் தேடுகிறோம் என்றார் டாக்டர்.

ஆறாவது முறை போனபோது அந்தக் கறுப்பு வந்திருந்தது. எழுத்துப் பலகையில் எப்போதும்போல் 6/9 வரி படித்தேன். கோடு வளைந்து தெரிகிறதா என்று வீட்டில் தினமும் காலையில் பார்க்கும் ஆம்ஸ்லர் கட்டம் என்னும் கட்டம் போட்ட தாளில் ஒரு கோடுகூட வளையவில்லை. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, மேட்டை ஒட்டி மெல்லிய கறுப்புக் கீற்று. அதே வாரம் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மாதம் ஒன்றாக மூன்று ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு எடுத்த படத்தில் கீற்று இல்லை. இதை நானே படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன், வலது கண்ணால்.

கண்ணாடிக் கடைகளில் எடுக்கும் விழித்திரை போட்டோ போதாதா என்று நண்பர் கேட்டார். அது மேலிருந்து எடுக்கும் படம். டிரூசன் தெரியும், இரத்தம் கசிந்திருந்தால் தெரியும். உள்ளே கோத்த கொஞ்ச நீர் அதில் தப்பிவிடலாம்.

குறைகளும் உண்டு. காத்திருப்பு அதிகம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் வெயிலில் கண் கூசும், படிக்க முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். இதை முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு கண்ணுக்கும் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு எண்கள் அச்சிட்ட ஒரே தாள் கொடுக்கிறார்கள். படத்தையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஒவ்வொரு முறையும் அதே கருவியில் எடுக்கச் சொல்லுங்கள்; கருவி மாறினால் விழித்திரையின் தடிமன் அளவும் மாறும், ஒப்பிட முடியாது. ஸ்கேன் அன்றைய நிலையைத்தான் சொல்லும் என்பதால் நடுவில் வரும் நாட்களுக்கு அந்தக் கட்டத்தாளை நான் விடவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது. வாரநாளில் காலை எட்டு மணிக்கே சீட்டு வாங்கினால் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடலாம். எனக்கு அடுத்த ஸ்கேன் வரும் வியாழக்கிழமை. மகளும் கூட வருகிறாள்.