மேடைச் சண்டைக்கு எந்தப் பயிற்சி: சிலம்பமா, களரியா, கூத்தா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் நாடகம் போடுகிறவர்கள், சண்டைக் காட்சி என்றதும் முதலில் தேடிப் போவது சிலம்ப ஆசானைத்தான். நெற்றி உயரக் கம்பும் ஒரு திடலும் இருந்தால் போதும். கால் வரிசையை மூன்று மாதம் ஒழுங்காகப் பழகியவர் மேடையில் நிற்கிற நிலையே வேறு. ஆனால் சிலம்பத்தில் தொட்டால்தான் புள்ளி. அந்தப் பழக்கத்தோடு ஒத்திகைக்கு வருபவரின் கை, எதிரே நிற்பவர் விலகத் தாமதிக்கும் அரை நொடியையும் தனக்குக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறது. என் ஒத்திகை ஒன்றில் அப்படித்தான் நண்பரின் கட்டைவிரல் நகம் பிளந்தது. அவர் கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அடுத்த வசனத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்; ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

களரிப்பயிற்று உடலை இன்னும் ஆழமாக உழுகிறது. புதுச்சேரியை அடுத்துள்ள ஆதிசக்தி நாடகக் குழு அதை நடிப்புப் பயிற்சியின் ஓர் அங்கமாகவே வைத்திருப்பது தக்க காரணத்தோடுதான். ஆயினும் உடலைப் பழக்கும் மெய்த்தாரி முடித்து, கம்பு பழகும் கோல்தாரி தாண்டி, ஆயுதப் பயிற்சியான அங்கத்தாரியில் வாளைத் தொடுவதற்குள் நாடகம் அரங்கேறி முடிந்துவிடும்.

மேலை நாடுகளில் வளர்ந்த மேடைச் சண்டை முறை, அடிக்கக் கற்பிப்பதில்லை. அடிக்காமல் அடித்ததாகக் காட்டக் கற்பிக்கிறது. முதலில் கண்ணோடு கண், அடுத்து சைகை, அடி வாங்குபவர் ஆயத்தமான பிறகே அசைவு. கன்னத்தில் அறை விழும் காட்சியில் கை முகத்துக்கு எட்டாத தொலைவில் கடக்க, ஓசையை நடிகர்களில் ஒருவர் தம் உடலிலோ உள்ளங்கையிலோ மறைவாகத் தட்டி எழுப்புகிறார். முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியில் பிடிபட்டவரே எதிராளியின் கையைத் தம் தலையோடு அழுத்திக்கொண்டு அசைவை நடத்துகிறார். நாடகம் நடக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பு சண்டை முழுவதையும் மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் இம்முறையில் கட்டாயம்.

இதன் குறை, பார்வையாளர் ஒரே பக்கம் இருந்தால்தான் அறையின் இடைவெளி மறையும் என்பது. மூன்று பக்கமும் சனம் சூழ்ந்த களத்தில் அந்த வித்தை வெளிப்பட்டுவிடும். அங்கேதான் தெருக்கூத்து வழிகாட்டுகிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில் வீமனும் துரியோதனனும் மோதும்போது, கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்த உடல்கள், அடித்ததாக நம்பவைக்க முயல்வதே இல்லை; சுழற்சியும் மத்தளமும் அந்த அடியைச் சொல்லிவிடுகின்றன. பாடப்புத்தகம் இல்லாத இந்த அறிவை நம் நாடகக்காரர்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

இரண்டே மாதம் கையில் இருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, பார்வையாளர் எத்தனை பக்கம் அமர்கிறார்கள் என்பதுதான். ஒரு பக்கம் மட்டும் என்றால் மேலை முறை. திறந்த களம் என்றால் கூத்து வாத்தியார். இரண்டுக்கும் அடித்தளமாகக் காலையில் ஒரு மணி நேரம் சிலம்பக் கால் வரிசை, முதல் இரண்டு வாரம் கம்பு இல்லாமல்.