அடைத்துப்போன கன்வெர்ட்டரும் புது எக்ஸாஸ்டும்: பழைய சில்வராடோவுக்கு எதில் பணம் போடுவது?

2007 முதல் 2013 வரை வந்த ஷெவர்லே சில்வராடோ 1500 வண்டியில், 5.3 லிட்டர் வி8 இன்ஜின் பொருத்தியவை இன்றும் அமெரிக்கச் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன. உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், வீட்டு வாசலில் நிறுத்தி நாமே வேலை பார்க்கவும் இடம் தாராளம். ஆனால் ஒரு லட்சம் மைலைத் தாண்டிய வண்டிகள் பலவற்றில் ஒரே புகார்தான் வருகிறது. மேடு ஏறும்போது இழுவை இல்லை, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் பிடிக்கவில்லை, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை. புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். எப்படியும் வண்டிக்கு அடியில் பைப்பை வெட்டப் போகிறோம், அப்படியே பின்னால் உள்ள, சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளரையும் மாற்றி நல்ல சத்தம் வரவைத்தால் என்ன என்ற ஆசையும் அப்போதுதான் எழும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தின் பெரும்பகுதி கன்வெர்ட்டருக்குப் போகட்டும். மஃப்ளருக்குக் கொஞ்சம் போதும். இந்த இரண்டுக்கும் முன்னால், இன்ஜின் ஆயில் குடிப்பதை நிறுத்தச் செலவழிக்க வேண்டும். அதைச் செய்யாமல் எந்த கன்வெர்ட்டரை மாட்டினாலும் அது மறுபடியும் கெட்டுப்போகும்.

அடைப்புதானா, வேறு கோளாறா?

வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் பி0420, பி0430 என்ற பிழைக் குறியீடுகள் (கோடுகள்) வந்ததும் கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கோடுகள் சொல்வது வேறு. கன்வெர்ட்டருக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் திறன் குறைந்துவிட்டது, அதன் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவீடு முன்னால் உள்ள சென்சாருடையதைப் போலவே ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். அடைப்பே இல்லாமல் இந்தக் கோடு வரலாம். நன்றாக அடைத்திருந்தும் கோடு வராமல் இருக்கலாம்.

அடைப்பைக் கண்டுபிடிக்க அழுத்தமானி ஒன்று போதும். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் மானியைத் திருகி இன்ஜினை ஓடவிடுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குக் கீழேயும், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.க்குக் கீழேயும் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் ஏறினால் வழி அடைத்திருக்கிறது. வி8 என்பதால் இரண்டு பக்கமும் தனித்தனி கன்வெர்ட்டர் உண்டு. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அடைத்திருப்பது சாதாரணம். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது என்று பொருள்.

ஏன் அடைக்கிறது என்பதுதான் இந்த வண்டியில் முக்கியமான கேள்வி. கன்வெர்ட்டருக்குள் இருப்பது கார்டியரைட் என்ற பீங்கானால் ஆன தேன்கூடு. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நிறுவனத்தில் உருவான இந்தப் பொருள் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் மெல்லிய பூச்சாக இருக்கும். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால், அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றிக்கொள்ளாவிட்டால், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வந்து கன்வெர்ட்டருக்குள் எரியும். பீங்கான் உருகி வழியை மூடிவிடும். என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கி மினுக்கி எரிந்தால் அதற்கு இதுதான் அர்த்தம். அப்போது அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டவே கூடாது.

இந்த 5.3 இன்ஜினில் மிஸ்ஃபயருக்கு ஒரு பரம்பரைக் காரணம் இருக்கிறது. எரிபொருள் மிச்சப்படுத்த 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களை நெடுஞ்சாலையில் நிறுத்தி வைக்கும் ஏஎஃப்எம் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் அழுத்த வால்விலிருந்து சிதறும் ஆயில் சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மேலே ஏறுகிறது. குறிப்பாக 1, 7 சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக் கருத்துப்போய் மிஸ்ஃபயர் தொடங்கும். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் பூச்சை மெல்ல மூடுவது தனிக் கேடு. ஜெனரல் மோட்டார்ஸே இதற்குப் பின்னாளில் மாற்று கொண்டுவந்தது. ஆயில் பேனுக்குள், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தட்டுக்குள், அந்த வால்வின் மேல் ஒரு தடுப்புத் தகடு, ஓட்டுநர் பக்கத்துக்கு மாற்றியமைத்த வால்வு கவர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இவை மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் உடைந்துபோவது. குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது டிக் டிக் என்று கேட்டுச் சூடானதும் மறைந்தால் அங்கே பாருங்கள். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் முன் சென்சார் தவறாகப் படிக்கும். கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். புது கன்வெர்ட்டர் அதில் வெந்துபோகும்.

கன்வெர்ட்டரில் எது?

சில வழிகளைச் சட்டென்று தள்ளிவிடலாம். பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் மருந்து லேசான கரியை எரிக்கலாம், உருகிய பீங்கானைத் திறக்காது. பழைய வண்டிக் கடையிலிருந்து கழற்றிய கன்வெர்ட்டர் எத்தனை மைல் வெந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் பின்னால் திருட்டுப் பொருள் சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 2021 மார்ச்சில் ரோடியம் அவுன்சுக்கு 29,000 டாலர் அளவைத் தொட்ட பிறகு வண்டி அடியிலிருந்து கன்வெர்ட்டரை அறுத்துப் போவது நாடு முழுக்கத் தொழிலாகவே ஆகிவிட்டது. உள்ளே உள்ளதை இடித்து எடுத்துவிட்டு வெற்றுக் குழாயாக ஓட்டுவது கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்தின்படி குற்றம். மிச்சிகன், ஃபுளோரிடா போல் புகைச் சோதனையே இல்லாத மாநிலங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சட்டத்தை விட்டாலும், அந்த வண்டி கக்கும் கார்பன் மோனாக்சைடைப் பின்னால் வரும் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். எனக்கு அது போதுமான காரணம்.

நியாயமான போட்டி மூன்று வகைகளுக்குள்தான்: டீலரிடம் வாங்கும் ஒரிஜினல், கலிபோர்னியா வான்வள வாரியமான கார்ப் அனுமதித்த மாற்று, சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏயின் அடிப்படை விதிக்கு உட்பட்ட மலிவு மாற்று.

மலிவு மாற்றின் விலை கவர்ச்சியானது. கார்ப் வகை அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். ஒரிஜினல் அதற்கும் மேலே. வித்தியாசம் உள்ளே இருக்கும் உலோகத்தில் இருக்கிறது. 1986இல் ஈபிஏ வகுத்த விதிப்படி மாற்று கன்வெர்ட்டர் 25,000 மைல் வரை ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 70 சதவீதம், நைட்ரஜன் ஆக்சைடை 30 சதவீதம் குறைத்தால் போதும். வெளிக்கூட்டுக்கு மட்டும் 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம். 25,000 மைல் என்பது பலருக்கு இரண்டு வருட ஓட்டம். பூச்சில் உலோகம் குறைவாக இருப்பதால் அதற்குள் பி0420 திரும்பி வந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

கார்ப் அனுமதி பெற்றதோ முழுச் செயல்பாட்டுக்கும் 5 ஆண்டு அல்லது 50,000 மைல் பொறுப்பேற்க வேண்டும், வண்டியின் சொந்தக் கண்காணிப்புக் கம்ப்யூட்டரோடும் ஒத்துப்போக வேண்டும். கலிபோர்னியாவில் 2009 முதல் விற்பதெல்லாம் இந்தக் கடுமையான தரத்தில்தான். கூட்டின் மேல் அனுமதி எண் பொறித்திருக்கும். அந்த எண் உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் இன்ஜின் குடும்பத்துக்கும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் அங்குள்ள புகைச் சோதனையில் தோற்கும். நியூயார்க், மெய்ன், கொலராடோ ஆகிய மாநிலங்களும் கார்ப் தரத்தைக் கேட்கின்றன. வாங்குவதற்கு முன் ஹூட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். கலிபோர்னியா சான்று என்று போட்டிருந்தால் வாங்க வேண்டிய பாகமே வேறு.

நீங்கள் டெக்சஸில் இருக்கிறீர்கள், யாரும் கார்ப் கேட்கவில்லை என்றாலும் நான் கார்ப் வகையைத்தான் சொல்வேன். டெக்சஸில் 2025 முதல் பாதுகாப்புச் சோதனை போய்விட்டது, ஆனால் ஹூஸ்டன், டல்லஸ், ஆஸ்டின் சுற்றுவட்டாரங்களில் புகைச் சோதனை தொடர்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்தால் தேற முடியாது. மலிவானதை இரண்டு தடவை மாட்டும் கூலியைக் கணக்குப் போட்டால் விலை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். வண்டியை ஒரு வருடத்தில் விற்கப் போகிறவர், அல்லது புகைச் சோதனை இல்லாத ஊரில் வருடத்துக்கு மூவாயிரம் மைல் ஓட்டுகிறவர், அவர்களுக்கு மலிவு மாற்று சரிதான்.

ஒரிஜினலுக்கு ஒரு சூழ்நிலையில் இணை இல்லை: அது இலவசமாகக் கிடைக்கும்போது. கன்வெர்ட்டருக்குக் கூட்டாட்சி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 80,000 மைல். 2013 மாடலுக்கே அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் இதே கேள்வியோடு புதிய பிக்கப் வைத்திருப்பவர்கள் கையிலிருந்து காசு போடும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

உலோகத் தேன்கூடு வைத்த ஹை ஃப்ளோ வகையைப் பற்றியும் கேட்பார்கள். கண்கள் பெரியவை, காற்று எளிதாகப் போகும், உண்மைதான். பூச்சுப் பரப்பும் குறைவு, அதனால் கோடு வரும் வாய்ப்பு அதிகம். 315 குதிரைத்திறன் உள்ள இந்த இன்ஜினுக்குச் சரியாக வேலை செய்யும் சாதாரண கன்வெர்ட்டர் தடையே அல்ல. டர்போவோ சூப்பர்சார்ஜரோ மாட்டாதவர்களுக்கு இது தேவையில்லை.

பின்பகுதி: சத்தமும் இழுவையும்

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளதை மாற்றுவதில் சட்டச் சிக்கல் குறைவு, உள்ளூர் இரைச்சல் விதி மட்டுமே. இங்கே இரண்டு வகைகள் உண்டு. ஃப்ளோமாஸ்டர் புகழ்பெறவைத்த அறைகள் கொண்ட மஃப்ளர், தடுப்புத் தகடுகளில் ஒலியை மோதவிட்டுக் குறைப்பது. முரட்டு உறுமல் வரும். மறுபக்கம் போர்லா, மேக்னாஃப்ளோ போன்றவர்கள் செய்யும் நேர்வழி மஃப்ளர். துளையிட்ட குழாயைச் சுற்றி ஒலி உறிஞ்சும் பஞ்சு. ஓட்டம் தடையற்றது, சத்தம் சற்று வழவழப்பானது.

எந்த வகையைத் தேர்ந்தாலும் ஏஎஃப்எம் உள்ள வண்டியில் ஒரு தொல்லை வரும், கடைக்காரர்கள் பலர் அதைச் சொல்வதில்லை. 1,500 சுற்றில் எட்டு சிலிண்டரும் எரியும்போது எக்ஸாஸ்ட் துடிப்பு நொடிக்கு 100. நான்கு சிலிண்டராகக் குறையும்போது 50. அந்த 50 ஹெர்ட்ஸ் ஒலி கேபினுக்குள் காதை அடைக்கும் ரீங்காரமாக நிற்கும். தொழிற்சாலை மஃப்ளர் பெரிதாகவும் கனமாகவும் இருப்பது இதை விழுங்கத்தான். பக்கக் குழாய் வைத்து அந்த ஒலியை அடக்க நினைத்தால், சூடான வாயுவில் 50 ஹெர்ட்ஸுக்குத் தேவையான குழாய் நீளம் (அலைநீளத்தில் கால் பங்கு) ஏழு அடிக்கு மேல் வருகிறது. வண்டி அடியில் அதற்கு இடம் தேடுவது சிரமம். டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகி ஏஎஃப்எம்மை நிறுத்தும் சிறு கருவி எளிய தீர்வு. மைலேஜ் கொஞ்சம் குறையும், ரீங்காரம் போய்விடும், ஆயில் சிதறலும் குறையும். புகைச் சோதனைக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டும்.

இழுவை கூடும் என்று நம்பி முழு கேட்பேக் செட் (கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாய்களும் மஃப்ளரும் சேர்ந்தது) வாங்குகிறவர்களிடம் நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். இந்த இன்ஜினில் அதனால் கிடைப்பது சில குதிரைத்திறன்தான், அதுவும் மேல் சுற்றில். டிரெய்லர் இழுக்கும் கீழ் சுற்றில் வித்தியாசம் உணர முடியாது. வண்டி பறக்கிறது என்று மாற்றியவர்கள் சொல்வதில் பெரும்பகுதி அடைத்த கன்வெர்ட்டர் போனதால் வந்த சுகம். இரட்டைக் குழாய் பார்வைக்கு அழகு, வேறொன்றும் இல்லை. ஒற்றை மூன்று அங்குலக் குழாய் இந்த இன்ஜினுக்கு நிறைய.

அதனால் என் தேர்வு, தொழிற்சாலைக் குழாய் நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டு, உள்ளூர் மஃப்ளர் கடையில் நீளமான நேர்வழி மஃப்ளர் ஒன்றை மட்டும் வெல்டிங் செய்வது. குழாய் துருப்பிடித்திருந்தால் கேட்பேக் செட்டுக்கு நியாயம் உண்டு, அங்கே பார்க்க வேண்டியது உலோகம். ஒஹையோ, மிச்சிகன் போல் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஊரில் அலுமினியம் பூசிய இரும்பு, பூச்சு கீறிய இடத்திலும் வெல்டிங் தையலிலும் அரிக்கத் தொடங்கும். அங்கே 304 எவர்சில்வர் விலைக்குத் தகுந்தது. 409 வகை எவர்சில்வர் மேலே பழுப்பேறும், ஆனால் ஓட்டை விழ நெடுநாளாகும். அரிசோனாவில் இருப்பவர் இந்தச் செலவைச் சேமிக்கலாம்.

மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் நீண்ட குழாய்த் தொகுப்பான ஹெடர் வேண்டாம். கன்வெர்ட்டரை இடம் மாற்றாமல் அதைப் பொருத்த வழியில்லை, இடம் மாற்றுவது ஈபிஏ விதிக்குப் புறம்பு. கன்வெர்ட்டர் பழைய இடத்திலேயே, பழைய வகையிலேயே அமைய வேண்டும்.

மாட்டும் நாளில் வரிசை முக்கியம். ஸ்பார்க் பிளக், தேவைப்பட்டால் காயில், உடைந்த மேனிஃபோல்ட் போல்ட், அப்புறம்தான் கன்வெர்ட்டர். கன்வெர்ட்டரோடு முன் சென்சார்களையும் புதிதாகப் போடுங்கள், ஒரு லட்சம் மைல் ஓடியவை சோம்பிப்போயிருக்கும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, குளிர்ந்ததும், கிளாம்புகளை மறுபடி இறுக்குங்கள். பழைய கன்வெர்ட்டரைக் கடையிலேயே விட்டுவந்தால் அதன் உலோக மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரிஜினல் என்றால் அந்தத் தொகை கணிசமாக இருக்கும், கேட்காதவர்களுக்குக் கடைகள் அதைக் கொடுப்பதில்லை.