மருந்து எச்சம் பார்க்க எந்த நொதிய மின்வாய்?

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடை மரக்கறியில் ஓர்கனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்து மிஞ்சியிருக்கிறதா என்று தோட்டத்துக்குக் கிட்டவே பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மருந்தையே வெட்டும் ஓ.பி.எச். (ஓர்கனோபொஸ்பரஸ் ஐதரோலேசு) என்ற நொதியம் பூசிய மின்வாய், அதாவது நொதியத்தின் வேலையை மின்னோட்டமாகக் காட்டும் முனை. மற்றது, மருந்து பட்டால் முடங்கிப்போகும் அசற்றைல்கோலினெஸ்தரேசு என்ற நரம்பு நொதியம் பூசியது. நாங்கள் எடுத்தது இரண்டாவது. அதனால் இந்த எழுத்தும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஓ.பி.எச். வேகமானது. ஊறவிடத் தேவையில்லை, கழுவி மறுபடி பாவிக்கலாம். ஆனால் அது மின்வாயில் நன்றாகத் தெரிவது பரத்தியன் போல, வெட்டுப்படும்போது மின்வாய் உணரக்கூடிய நைத்திரோபீனோலைக் கக்கும் மருந்துகளுக்கே. பரத்தியன் இலங்கையில் 1984இலேயே தடை. டயசினன், புரொபெனோபொஸில் நைத்திரோபீனோல் கிடையாது. காபமேற்று என்ற மற்றப் பூச்சிமருந்து வகை அதன் கண்ணில் படவே படாது. நனோமோலர் அளவு தேவைப்படும் இடத்தில் அது பெரும்பாலும் அதைவிட ஆயிரம் மடங்கு செறிவான மைக்ரோமோலரோடு நின்றுவிடும்.

அசற்றைல்கோலினெஸ்தரேசு இரண்டு வகையையும் பிடிக்கும். எது என்று பெயர் சொல்லாது. சந்தேகமான மாதிரி எப்படியும் ஆய்வுகூடத்துக்குத்தான் போகவேண்டும். கோபால்ற்று தலோசயனின் கலந்த காபன் மின்வாய் என்றால் +100 மில்லிவோல்ட் அளவிலேயே வாசிக்கலாம். 0.1 மோலர் பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் (பிஎச் 7.4), அதில் 0.1 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு, 1 மில்லிமோலர் அசற்றைல்தயோகோலின் (நொதியம் இதை வெட்டும்போது வரும் மின்னோட்டத்தையே வாசிக்கிறோம்). பின்னது தானாகவே சிதையும், அன்றன்று கரைக்கவேண்டும். முதலில் மாதிரி படாத வெறும் வாசிப்பு. பிறகு மாதிரியில் 10 நிமிடம் ஊறவிட்டு, கழுவி, புதுக் கரைசலில் மறு வாசிப்பு. 100 இருந்தது 62 ஆனால் தடை, அதாவது நொதியம் முடங்கிய பங்கு, 38 சதவீதம். கழுவாமல் மாதிரிச் சாறிலேயே வாசித்தால் லீக்ஸின் கந்தகச் சேர்வைகள் மின்வாயில் தலையிடும். சாறெடுக்கப் பாவிக்கும் கரைப்பானான அசற்றோநைத்திரைல் 5 சதவீதத்துக்கு மேல் போகாதிருக்கட்டும். டயசினன் போன்ற கந்தக வகை முதலில் ஒட்சியேற்றப்பட்டாலன்றி நொதியத்தை அவ்வளவாகத் தடுக்காது. அந்தப் படியை விட்டால் 'மருந்து இல்லை' என்ற முடிவுக்கு மதிப்பில்லை.

மலைநாட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வெப்பநிலை. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். காலையில் மேசையில் 15 பாகை, மத்தியானம் 22 பாகை என்பது அங்கே சாதாரணம். 10 பாகை இறங்கினால் பல நொதியங்களின் வேகம் ஒன்றரை, இரண்டு மடங்கு குறையும். வெறும் வாசிப்பை 22 பாகையிலும் மறு வாசிப்பை 17 பாகையிலும் எடுத்தால், மருந்தே இல்லாத கோவாவுக்கும் இருபது சதவீதத்தையொட்டிப் பொய்த் தடை தெரியும். மறுபக்கம், குளிரில் ஊறவிட்டால் தடையும் மெதுவாகவே ஏறும். இருக்கிற மருந்து தப்பிவிடும். இரண்டு பிழையும் ஒரே நாளில் வரக்கூடும். ரெஜிபோம் பெட்டிக்குள் 25 பாகைத் தண்ணீர், அதில் கரைசல் போத்தல்கள், ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஒரு சுடுதண்ணிப் பிளாஸ்க்: இது போதும். கூடவே மாதிரிக்குப் பதில் தாங்கற் கரைசலில் ஊறிய ஒரு மின்வாயையும் வாசிக்கவேண்டும். அதுவே 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அன்றைய வாசிப்பெல்லாம் குப்பை.

தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்தும் ஏமாற்றும். செம்பு அயன் இந்த நொதியத்தைத் தடுக்கும். உலோக அயனைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.யை 1 மில்லிமோலர் அளவு சேர்த்துப் பார்த்தால் செம்பின் பங்கு விலகும். ஓ.பி.எச். உலோகம் தாங்கிய நொதியம் என்பதால் அந்த வைத்தியம் அதற்கு நஞ்சு.

வேகத்தைப் போலப் பராமரிப்பிலும் ஓ.பி.எச். முந்துகிறது. நம்முடையது மாதிரிக்கொரு மின்வாய் தின்னும். 2-பாம் என்ற நச்சுமுறி போட்டு முடங்கிய நொதியத்தை மீட்கலாம்தான், ஆனால் நாட்பட்ட பிணைப்பு மீளாது. மீண்டதன் வாசிப்பை நம்பி ஒருவருடைய கரட் லொறியைத் திருப்பி அனுப்ப முடியாது. சிலிக்கா ஜெல்லோடு மூடி 4 பாகையில் வைத்து, கரண்ட் போன நாளுக்கு அடுத்த நாள் ஒவ்வொரு பக்கெற்றிலும் ஒன்றைச் சோதித்துவிட்டே மற்றதைத் திறக்கவேண்டும்.