புதைபடிவத் தேடலில் சோனி எஃப்எக்ஸ்6: சில கோடைகளுக்குப் பிறகு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹெல் க்ரீக் பகுதியில் டைனோசர் எலும்பு தேடும் ஆய்வாளர்களோடு சில கோடைகளாக இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். 1902-ல் பார்னம் பிரவுன் டைரனோசாரஸ் ரெக்ஸ் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்த நிலம் அது. இந்த வேலைக்கு எஃப்எக்ஸ்6 வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். உள்ளேயே இருக்கும் மின்னணு என்டி ஃபில்டர் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டி) ஒன்றுக்காகவே வாங்கலாம்.

அங்கே தோண்டுவது கடைசியில்தான். முதலில் நடை, நாள் முழுக்க. தரையில் எலும்புச் சில்லுகள் கண்ணில் பட்டால் சரிவில் மேல்நோக்கி ஏறுவார்கள். மழைத்தண்ணீர் அவற்றை மேலிருந்துதானே உருட்டி வந்திருக்கும்? சில்லுகள் எந்த உயரத்துக்கு மேல் காணவில்லையோ, அந்த மண்ணடுக்கில்தான் மிச்ச எலும்பு இருக்க வாய்ப்பு. சந்தேகம் வந்தால் ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நுண்துளைகள் இருப்பதால் எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், சாதாரணக் கல் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டியது என்று தெரிகிற அந்த நொடியில் ஆய்வாளர் முகத்தில் வருவதை எடுக்கத்தான் நான் அங்கே போகிறேன். "இன்னொரு தடவை செய்யுங்க" என்று கேட்டு எடுத்தால் அது நடிப்பாகிவிடும்.

வெளிர்சாம்பல் களிமண் சரிவு வெயிலில் கண்ணைப் பறிக்கும். நாலு அடி இறங்கி ஓடைப்பள்ளத்துக்குள் போனால் கெட்டியான நிழல். கண்ணாடி ஃபில்டரைக் கழற்றி மாட்டுவதற்குள் அந்த நொடி போய்விடும். இதில் வெளிச்சத்தை 1/4 பங்கு முதல் 1/128 பங்கு வரை குறைக்க ஒரு சக்கரத்தைத் திருப்பினால் போதும், அபர்ச்சரையும் ஷட்டரையும் தொடவே வேண்டாம். ஆட்டோவில் விட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். உடல் எடை 890 கிராம்தான். மாலை மங்கிய பிறகும் எலும்பின் மேல் ஈரக் காகிதம் போர்த்தி, பிளாஸ்டரில் நனைத்த சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அப்போது மங்கிய வெளிச்சத்துக்கென்றே கேமராவில் இருக்கும் இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓவான (ஒளியுணர்திறன் அளவு) 12,800-க்கு மாறிவிடுவேன், விளக்கு போட்டு அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை.

இப்படி எடுத்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் அரியலூர் கல்லமேடே சாட்சி. அங்கே கிடைத்து 1980களில் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் பெற்ற ராட்சத எலும்புகள் சிதைந்து போய்விட்டன. கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். அது எவ்வளவு பெரிய விலங்கு என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. களத்தில் நல்ல வீடியோ இருந்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அப்புறம், மற்ற சாமான்கள். சுழற்றிப் பூட்டும் முக்காலிக் கால்களில் மண் புகுந்து நறநறக்கும், தட்டிப் பூட்டும் வகையே மேல். மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாவிட்டால் காற்றில் ஒரு வாக்கியம்கூடத் தேறாது. மழை வந்தால் முகாமிலேயே இருந்துவிடுங்கள். பென்டோனைட் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும், வண்டியும் நகராது, முக்காலியும் நிற்காது.

இன்னொன்று, கேமராவைவிட முக்கியமானது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிலத்தில் கிடைக்கும் புதைபடிவங்களின் இருப்பிடத்தை 2009-ம் ஆண்டுச் சட்டம் ரகசியமாகப் பாதுகாக்கிறது. திருட்டு பயம் நிஜமானது. அதனால் போனிலும் கேமராவிலும் இடத்தகவல் பதிவை அணைத்துவிடுங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் குன்று இருந்தால் ஃபிரேமை இறக்குங்கள். பக்கத்திலுள்ள சார்லஸ் எம். ரஸ்ஸல் வனவிலங்குப் புகலிடத்தில் ட்ரோனுக்குத் தடை, அதை எடுத்துப்போக வேண்டாம்.

பட்ஜெட் போடும்போது வ்யூஃபைண்டருக்கும் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸுக்கும் சேர்த்துப் போடுங்கள். முதலாவது கேமராவோடு வராது, உச்சி வெயிலில் அது இல்லாமல் ஃபோகஸ் பார்ப்பது கஷ்டம். இரண்டாவது இருந்தால்தான் பல் மருத்துவர்கள் பல்லைச் சுரண்டும் கூர்முனைக் கருவியால் ஆய்வாளர் மண் நீக்கும்போது எலும்பின் மேலுள்ள வரிகள் தெரியும்.