பழைய ஆம்ப்ளிஃபயரோடு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்: இரண்டு வருடம் கழித்து

கடலூர் திருப்பாப்புலியூரில் எங்களுடையது நீளவாக்கு ஓட்டு வீடு. கூடத்தில் அப்பா வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30, தானே புயலில் ஓடு பறந்து மழை உள்ளே இறங்கியபோது அப்பா முதலில் போர்வை போட்டு மூடியது அந்த செட்டைத்தான். அதை மாற்ற மனம் வராது. ஆனால் சமையற்கட்டில் அம்மாவுக்குப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் கூடத்தில் அலறவிட வேண்டும். அதற்காகத்தான் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன்.

ஆம்ப்ளிஃபயரின் பின்னால், டேப் டெக்கில் பாட்டைப் பதிவு செய்வதற்கான 'ரெக் அவுட்' துளை சும்மா கிடந்தது. அதில் சின்ன ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைச் செருகினேன். அந்த சிக்னல் வால்யூமுக்கு முன்பே பிரிவதால், கூடத்தில் சத்தத்தை அடியோடு குறைத்தாலும் சமையற்கட்டில் பாட்டு ஓடும். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனையிலிருந்து மட்டும் நேராக எடுக்காதீர்கள். அங்கே வருவது பெருக்கிய சிக்னல், டிரான்ஸ்மிட்டர் கெட்டுவிடும்.

முதல் நாளே அம்மா சொன்னார்: "ஒருத்தர் பாடுறத இன்னொருத்தர் பின்னாடியே பாடுற மாதிரி இருக்குப்பா." அதேதான். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பும். ஸ்பீக்கர் அதை விரித்து, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடும். எஸ்.பி.சி. என்ற சாதாரணச் சுருக்கும் முறையில் 0.2 விநாடி வரை பிந்தலாம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது என்றால், கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி இன்னொரு பெட்டி பாடுவது போல. கோயில் திருவிழாவில் தெருக்கோடிக் கூம்பு ஸ்பீக்கர் பிந்திக் கேட்குமே, அந்தக் குழப்பம். குறைந்த தாமத முறை டிரான்ஸ்மிட்டர், ஸ்பீக்கர் இரண்டிலும் இருந்தால்தான் பயன். என்னுடையதில் டிரான்ஸ்மிட்டரில் மட்டும் இருந்தது. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். இப்போது நடுக்கதவைச் சாத்திவிடுகிறோம்.

ஆரம்பத்தில் பாட்டு விட்டுவிட்டு வந்தது. டிரான்ஸ்மிட்டர் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருந்ததுதான் காரணம். ஒரு மீட்டர் ஒயர் கொடுத்து அலமாரி மேல் வைத்ததும் சரியானது. உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்து, ஒரு பக்கம் கரகரத்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் அவ்வப்போது துடைக்கிறேன்.

குரல் தெளிவாகவே வருகிறது. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) முழக்கம் மட்டும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்கவில்லை. அதற்குக் கூடத்தில்தான் உட்கார வேண்டும்.

அடுத்து பின்கட்டுத் திண்ணைக்கும் ஒரு ஸ்பீக்கர் வேண்டும் என்கிறார் அம்மா. அங்கே கூடத்துச் சத்தம் ஜன்னல் வழியாக நேரே வரும். அதனால் அதற்கு ப்ளூடூத் வேண்டாம், ஒயரே இழுக்கப்போகிறேன்.